வரலைன்னா வரலைன்னு சொல்லு

அந்த அக்காவிடம் யாரும் சுலபமாக "நாளைக்கி வர்றங்க" என்று சொல்லிவிட முடியாது. சொன்னவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். "நெஜமாவா?" என்பார். நிஜமில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் அவர் பழம் பிரிக்கிற லைனுக்கு சூப்பர்வைசர். ஊரில் அதை ஜூஸ் கம்பெனி என்பார்கள். நான் அங்கே லேபில் இருந்தேன். கூழின் இனிப்பும் புளிப்பும் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. அதியமான்கோட்டையிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருவேன். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். லைனில் இருந்தவர்கள் அக்கா என்பார்கள், மேனேஜர் மேடம் என்பார். பெயரை எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் வாசலில் வேன்கள் வந்து நிற்கும். ஒன்று பென்னாகரம் ரோட்டுக்கு, ஒன்று நல்லம்பள்ளியைச் சுற்றி இருக்கிற கிராமங்களுக்கு, ஒன்று தருமபுரி டவுனுக்கு. பெண்கள் கைகழுவி, தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். அக்கா ஈர ஏப்ரனோடு வேன் கதவுப் பக்கத்தில் நிற்பார். ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்விதான். நாளைக்கு வருவாயா, மாட்டாயா. ஒகேனக்கல் மலைப்பக்கத்திலிருந்து வருகிற இரண்டு மூன்று பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவர்களிடம் "நாளெ பர்த்தியா?" என்பார். "பரல்ல", வரலை, என்று பதில் வந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார்.

எல்லாரும் ஏறி முடித்த பிறகு நேராக மேனேஜர் அறைக்குப் போய் நாளைக்கு இத்தனை பேர் என்று சொல்லுவார். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பழுக்க வைக்கிற அறையிலிருந்து எத்தனை பிளாஸ்டிக் கிரேட் பழம் வெளியே எடுப்பது என்று முடிவு செய்வார்கள். அறைக்குள் இருக்கும்வரை பழம் கொஞ்சம் தாங்கும். வெளியே எடுத்து வெக்கையில் வைத்தால் அன்றைக்கே அரைத்தாக வேண்டும். ஆள் இல்லையென்றால் பழம் குப்பைக்குழிக்குத்தான்.

அந்த லைனில் யாருக்கும் ஆலையின் மேல் பற்று கிடையாது. இருக்க வேண்டிய காரணமும் கிடையாது. வேலை சீசனுக்கு மட்டும். வைகாசியில் கூப்பிடுவார்கள், ஆடி முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்க நின்றபடி பெல்ட்டில் ஓடுகிற பழத்தில் அழுகலை எடுத்து வீச வேண்டும், காம்புப் பக்கத்தைக் கத்தியால் சீவ வேண்டும். காம்பில் வடிகிற மாம்பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிடும். இதே வேலை இந்தப் பக்கம் இன்னும் பல ஆலைகளில் இருந்தது. எந்த வேன் முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறவர்களும் உண்டு.

அக்காவுக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒருத்தர் சத்தம் போட்டார். வராதவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார் இன்னொருத்தர். ஒரு சீசனில் மேனேஜரே யோசனை பண்ணி, ஒரு நாளும் லீவு போடாமல் வருகிறவர்களுக்கு எவர்சில்வர் குடம் என்று அறிவித்தார். குடம் கொடுத்து போட்டோ எடுத்த மறுநாள், குடம் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் சாயங்காலம் "வர்றங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். மாட்டேன் என்றால் பேச்சு வாங்க வேண்டும், வருகிறேன் என்றால் நிம்மதியாக வேன் ஏறலாம். அவ்வளவுதான்.

அக்கா வந்த முதல் வாரமே அதைக் கவனித்துவிட்டார். வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்தாத்தான் எனக்கு ஆவாது" என்றார். யாரும் நம்பவில்லை. சூப்பர்வைசர் என்றால் இப்படித்தான் ஏதாவது பேசுவார் என்று சிரித்துக்கொண்டு வேனில் ஏறினார்கள்.

முதலில் சோதித்துப் பார்த்தது பழனியம்மா. பென்னாகரம் ரோட்டு வேனில் வருகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும், கத்தி பிடித்தால் லைனில் அவளுக்கு ஈடு கிடையாது, வாய் அதற்கு மேல். ஒரு சாயங்காலம் அவள் கதவைப் பிடித்துக்கொண்டே, "நாளைக்கி வரலைங்க்கா. வேற கம்பெனியில கூப்புடறாங்க, கூலி சேத்தித் தர்றாங்களாம்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தன நாளைக்கி?" என்றார் அக்கா.

"மூணு நாளுங்க."

"சரி. நாலாம் நாளு உன்னைய எண்ணிக்கையில சேத்துக்கட்டுமா?"

பழனியம்மா கொஞ்சம் யோசித்து, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். நாலாம் நாள் வந்தாள். அவள் நிற்கிற இடத்தில் வேறு யாரையும் அக்கா நிறுத்தியிருக்கவில்லை. போன இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து லைனில் உண்மை பேச ஆரம்பித்தார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று இழுக்காமல், நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, போயே ஆக வேண்டும் என்று சொன்னார்கள். சில பேர், நாளைக்குத் தூங்கப் போகிறேன் என்றுகூடச் சொன்னார்கள். அக்கா அதையும் அப்படியே எண்ணிக்கையில் கழித்துக்கொண்டார்.

இதனால் வருகிறவர்கள் அதிகமானார்கள் என்று நினைக்க வேண்டாம். வருகை முன்பு எப்படியோ அப்படித்தான் இருந்தது. ஆனால் எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரிந்தது. பழம் வீணாவது நின்றது. மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது, கொஞ்ச காலம்.

அவரைப் பாசக்காரர் என்றும் சொல்ல முடியாது. தோளில் கை போட்டுப் பேசுகிற பழக்கம் இல்லை. ஒரு வாரம் கையுறை தீர்ந்துபோனது. ஸ்டோரில் கேட்டால் வரும் வரும் என்றார்கள். லைனில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். வேறு யாராவது என்றால் நாளைக்கு வந்துவிடும் என்று சமாதானம் சொல்லியிருப்பார்கள். அக்கா மெஷினை நிறுத்தச் சொல்லி, "கையுறை இந்த வாரம் வராது. கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. வெரல் எரியறவங்க கிரேட் அடுக்கப் போங்க, மத்தவங்க இருங்க. வூட்டுக்குப் போறவங்களும் போலாம்" என்றார். ஏழெட்டுப் பேர் அப்போதே கிளம்பிவிட்டார்கள். எனக்கு அது அதிகமாகப் பட்டது. இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "ரெண்டு நாள்ல வருமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். தெரியாது என்றேன். "அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

டவுனிலிருந்து வந்த ஒரு இளம்பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள், அடுத்த சீசன் தன்னை நிரந்தரம் பண்ணுவார்களா என்று ஆசையாகக் கேட்டாள். பண்ண மாட்டார்கள், இங்கே யாரையும் பண்ணியதில்லை, வேறு வேலை கிடைத்தால் போய்விடு என்றார். அந்தப் பெண் மத்தியானம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழம் பிரித்தாள். அக்கா அதைப் பார்த்தார், ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அவராக உட்கார்ந்து சொன்னதில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தக்காளி விலை பற்றிப் பேச்சு வந்தபோது பாதியாகச் சொன்னார். அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. கல்யாணமான புதிதில் தக்காளி போட்டு, பறித்து, பெட்டி பெட்டியாக ரோட்டோரம் அடுக்கி வைத்தார்களாம். வாங்குகிறேன் என்று பேசிவைத்த வியாபாரி, இதோ வந்துகொண்டிருக்கிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தானாம். மறுநாளும் அதையே சொன்னானாம். "வரலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற வண்டி பாத்திருப்போம். இல்லைன்னா மாட்டுக்காவது போட்டிருப்போம். எங்கூட்டுக்காரரு அந்த ரோட்டுலயே ரெண்டு நாளு ஒக்காந்திருந்தாரு" என்றார். பிறகு ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஆடிப்பெருக்கு வந்தால் எங்கள் பக்கம் எந்த வேலையும் நடக்காது. எல்லாரும் ஒகேனக்கல்லுக்குப் போவார்கள். மேனேஜர் அன்றைக்கு லீவு கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். அக்கா அந்த நோட்டீஸைக் கையில் வாங்கிக்கொண்டு, இதை ஒட்டினால் எல்லாரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போவார்கள், ஒட்டாவிட்டால் வரலை என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போவார்கள், எது வேண்டும் என்று கேட்டார். நோட்டீஸ் ஒட்டப்படவில்லை. அன்று லைனில் நின்றது அக்காவும், அவரைப் போல வேதக்காரர்கள், அதாவது சர்ச்சுக்குப் போகிறவர்கள் சிலரும், டவுனிலிருந்து வருகிற முஸ்லிம் பெண்களும்தான். சின்ன லோடு ஒன்றை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பழனியம்மா ஒகேனக்கல்லிலிருந்து வறுத்த மீன் பொட்டலம் ஒன்று கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். ஆறிப்போய் எண்ணெய் பேப்பரில் ஊறியிருந்தது. பெல்ட் ஓட ஆரம்பிப்பதற்குள் நின்றபடியே முழுவதையும் தின்று முடித்தார்.

அதற்கு அடுத்த சீசனில்தான் அந்தத் தகராறு வந்தது.

கிருஷ்ணகிரி ரோட்டில் புதிதாகத் தொடங்கிய ஒரு ஆலைக்குப் பெரிய ஆர்டர் கிடைத்திருந்தது. அவர்கள் கிராமங்களுக்குள்ளேயே வேன் விட்டார்கள். கூலி அதிகம், காலை டிபனும் உண்டு. ஒரு சாயங்காலம் அக்காவின் லைனில் பாதிப் பேர் நாளைக்கு வரவில்லை என்று சொன்னார்கள். எங்கே போகிறோம் என்றும் சொன்னார்கள். அவர் மேனேஜரிடம் போய், நாளைக்குப் பாதி லைன்தான், இரண்டாவது அறையைத் திறக்க வேண்டாம் என்றார். மேனேஜர் திறக்கவில்லை.

பக்கத்து லைனுக்கு வேறு சூப்பர்வைசர். அவருடைய ஆட்கள் எல்லாரும் வர்றங்க என்று சொல்லியிருந்தார்கள். அவரை நம்பி மூன்றாவது அறைப் பழத்தை வெளியே எடுத்து வைத்தார்கள். மறுநாள் அந்த லைனுக்கு மூன்றே பேர் வந்தார்கள். சாயங்காலம் டிராக்டரில் அள்ளிக் குழியில் கொட்டினார்கள். ஆலை முழுக்கப் புளித்த வாடை. முதலாளி போனில் பேசிய பேச்சு மேனேஜர் அறைக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. மேனேஜர் கெட்டவர் அல்ல. மூன்று குழந்தைகள், வீட்டுக் கடன், சீசன் சரியாக முடியாவிட்டால் அவர் வேலையும் நிச்சயமில்லை.

சோதனை ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க நான் உள்ளே இருந்தபோது மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். வராதவர்களில் யார் யார் அந்த ஆலைக்குப் போனார்கள் என்று கேட்டார். நிஜமாகவே உடம்பு சரியில்லாதவர்களும் அதில் இருந்தார்கள், அதனால் வருகைப் பதிவைப் பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. போனவர்களை இனி வாசலுக்குள் விடக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

"பாதிப் பேரு வர மாட்டாங்கன்னு முந்தின நாளே சொன்னேனுங்க சார்."

"எண்ணிக்கை கேக்கல மேடம். பேரு கேக்கறேன்."

"எத்தன பேருன்னு உங்களுக்குச் சொல்லணும், சொல்லிட்டேன். எங்க போறாங்கன்னு அவங்க என்கிட்ட சொன்னது. அத நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"சம்பளம் குடுக்கறது நானா, அவங்களா?"

"நீங்கதாங்க. ஆனா இன்னிக்கி பேரு சொன்னா நாளையிலேர்ந்து ஒருத்தரும் எனக்கு நெஜம் சொல்ல மாட்டாங்க. அப்புறம் நீங்க எத்தன பேருன்னு கேட்டாலும் என்கிட்ட ஒண்ணும் இருக்காது."

குரலை உயர்த்தவில்லை. கை மட்டும் ஏப்ரன் நாடாவை முறுக்கிக்கொண்டிருந்தது. மேனேஜர், நாளையிலிருந்து எடைமேடைக்குப் போங்கள் என்றார். லாரிகளை எடை போடுகிற அந்த இடம் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பக்கத்து லைன் சூப்பர்வைசரே இரண்டு லைனையும் சேர்த்துப் பார்ப்பார் என்று முடிவானது.

அவருக்காக லைனில் யாரும் வேலையை நிறுத்தவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெண்கள் மறுநாள் வழக்கம்போல வந்தார்கள், வழக்கம்போல வராமலும் இருந்தார்கள். சாயங்காலம் புது ஆள் கேட்டால் பழையபடி "வர்றங்க" என்று சொல்லிவிட்டு வேன் ஏறினார்கள். எடைமேடையின் ஜன்னல் வழியாக அக்காவுக்கு அது எல்லாம் கேட்கும். ஒருநாள் நான் அவரிடம், இவர்களுக்காகத்தானே நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒருத்தியாவது வந்து பேசினாளா என்று கேட்டேன். "அவங்க ஒண்ணும் என்னைய பேரு சொல்லாதன்னு கேக்கல" என்றார். அதற்குள் லாரி ஹாரன் அடித்தது, எழுந்து போய்விட்டார்.

உண்மையில் அவர்களுக்கு விஷயமே தெரியாது. அக்காவாகவே எடைமேடைக்கு மாறிக்கொண்டார் என்றுதான் நினைத்திருந்தார்கள். தெரியவைத்தது மேனேஜர்தான். பழனியம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் அக்காவை எடைமேடையில் போட்டும் வாயைத் திறக்கவில்லை, நீயாவது யார் யார் போனார்கள் என்று சொல், உன்னை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று கேட்டார். போனவர்களுக்குத் தலைமையே பழனியம்மாதான். அவள், "எனக்கு அந்த வாரம் பூரா காச்சலுங்க சார், யாரு எங்க போனாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் பென்னாகரம் ரோட்டு வேனில், அக்கா பேர் சொல்லாததை வழிநெடுக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள் என்று டிரைவர் என்னிடம் சொன்னார்.

அதற்குள் ஆலையில் பழம் தினமும் வீணாகிக்கொண்டிருந்தது. கேட்டால் எல்லாரும் வருவார்கள், விடிந்தால் பாதி இடம் காலி. மேனேஜர் ஒரு வாரம் பார்த்தார், இன்னும் சில நாள் பார்த்தார். பிறகு ஒரு காலையில் எடைமேடைக்கு அவரே நடந்துபோய், லைனுக்கு வந்துவிடுங்கள் மேடம் என்றார். பேர் கேட்க மாட்டீர்களே என்று அக்கா கேட்டார். மாட்டேன் என்றார். முதலாளி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் சொன்னதும், தொங்கவிட்டிருந்த ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். லைனில் யாரும் கைதட்டவில்லை. பழனியம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் காம்பு சீவினாள்.

சீசன் முடிகிற நேரத்தில், சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய ஒரு கன்டெய்னருக்குக் கூழ் குறைந்தது. திங்கட்கிழமை காலையில் வண்டி கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷிப்ட் ஓட்டினால்தான் நிரம்பும். நிரம்பாவிட்டால் அந்த ஆர்டரே போகும், மேனேஜரும் அதோடு போகலாம் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வேன் கதவருகே நின்றார். ஆடி ஞாயிறு. பாதிக் கிராமங்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அவருக்கே காலையில் சர்ச்சில் பூசை இருந்தது. யாரையும் அவர் வற்புறுத்தவில்லை. கன்டெய்னர் விஷயத்தையும் சொல்லவில்லை, ஏன் என்று நான் கேட்டதற்கு, அது அவர்கள் தலைவலி இல்லை என்றார். பழனியம்மா வரலைங்க்கா என்றாள். அவள் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"பதினோரு பேருங்க சார்" என்று அக்கா மேனேஜரிடம் சொன்னார். பதினோரு பேரை வைத்துக் கன்டெய்னர் நிரம்பாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு அறையில் பாதியை மட்டும் எடுங்கள், மீதியை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். பதினோரு பேருக்குச் சாப்பாடு சொன்னார்கள். ஒரே ஒரு வேன் அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வேன் படிக்கட்டு வரைக்கும் ஆளோடு வந்தது. அதற்குப் பின்னாலேயே தக்காளிப் பெட்டி ஏற்றுகிற சின்ன லோடு வண்டி ஒன்று. அதன் பின்பக்கம் பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்கள். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும், சிலர் தலையில் வேப்பிலை. பழனியம்மா கையில் பெரிய தூக்குச்சட்டியோடு முதலில் குதித்து இறங்கினாள்.

அக்கா பூசைக்குப் போன வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நேத்து வரலைன்னு சொன்னியே?"

"ஆமாங்க்கா. வரலைன்னுதான் சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"வந்துட்டங்க." பழனியம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "கோயில்ல விடியறதுக்குள்ளயே கூழு ஊத்தி முடிச்சுட்டோம்."

"பதினோரு பேருன்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேன். பழம் அவ்வளவுதான் எடுத்து வெச்சிருக்குது. சோறும் அவ்வளவுதான்."

"சோத்துக்கு கூழு எடுத்தாந்திருக்கறோம். பழத்துக்கு நீங்கதான் சொல்லணும்."

மற்றவர்கள் அதற்குள் தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்திருந்தார்கள். அக்கா அவர்களைக் கண்ணால் எண்ணினார். பாதியில் குழம்பி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு ஆபீஸ் பக்கம் நடந்தார். நான் லேப் சாவியோடு பின்னாலேயே போனேன்.

மேனேஜர் போனில் யாரிடமோ கன்டெய்னர் குறையும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை அக்கா வாசற்படியிலேயே நின்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பாச் சொல்லிட்டேன் சார்" என்றார். "மீதி ரூமையும் தொறக்கச் சொல்லுங்க."